புது மரத்தைப் பழசாக்க ஐந்து வழிகள்: உங்கள் மேசைக்கு எது ஒத்துவரும்?

காட்பாடியில் இருக்கும் என் பெரியம்மா மகள் புதிதாக ஒரு சாப்பாட்டு மேசை வாங்கினார். ரப்பர் மரம், வெளிர் மஞ்சள் நிறம், மேலே பளபளவென்று வார்னிஷ். அதற்குப் பக்கத்தில் எங்கள் ஆயா காலத்துத் தேக்கு பெஞ்சு கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்று அக்காவுக்கு வருத்தம். சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதிக்கு பிளைவுட் டிவி ஸ்டாண்டு. குடியாத்தத்துத் தோழிக்கு, பட்டறைக்கு இயந்திரம் வந்திறங்கிய பெட்டியிலிருந்து பிரித்த பைன் பலகைகள். மூன்று பேரும் கைப்பேசியில் ஒரே மாதிரிப் படத்தைக் காட்டினார்கள்: சாம்பல் பூத்த, ரேகை தெரிகிற, ஓரம் தேய்ந்த பழைய மேசை. மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், “எந்த முறை நல்லது?”

மூவருக்கும் வேறு வேறு பதில்தான் சொல்ல முடிந்தது. முறையைத் தேர்ந்தெடுப்பது நாம் இல்லை, மரம்தான்.

## முதலில் பார்க்க வேண்டியவை

மரம் எது. மேசையைக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே தெரிவது பூச்சு, அடியில் தெரிவதுதான் மரம். கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின் சில மரங்களில் நிறைய உண்டு, சிலவற்றில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். கருவேலத்தில் உண்டு, தேக்கில் ஓரளவு உண்டு. ரப்பர் மரத்திலும் பைனிலும் மிகக் குறைவு. முதல் வழிக்கு இதுதான் அடிப்படை.

எங்கே நிற்கப் போகிறது. கூடத்திலா, வெயிலும் சாரலும் அடிக்கும் திண்ணையிலா, சமையலறையிலா?

திரும்ப முடியுமா. பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடிகிற வேலை எது, ஆக்க முடியாத வேலை எது என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் இருக்கும் இடமும் நாளும். மொட்டை மாடி இருப்பவருக்கு முடிவது, இரண்டாவது மாடி வாடகை வீட்டில் முடியாது. தேய்க்கும்போது எழும் தூசு உள்ளே சுற்றினால், வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள்தான் கஷ்டப்படுவார்கள்.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். இந்த வேலையில் சாமானுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். நாள் கணக்கும் தோள்வலியும்தான் பெரிய செலவு.

## இரும்புத் தண்ணீர்

என் பெரியப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிக் கிடக்கும் தொட்டிகள் இருந்த காலம் அது. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். “அந்த இரும்பு வாளியக் கிட்ட எடுத்தாராதம்மா, தோலு கறுத்துடும்.” பட்டையில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு ஒரு துருப்பிடித்த ஆணி பட்டால் போதும், மை கொட்டியது போலக் கறை விழும். அதை எடுக்கவும் முடியாது. தோலில் எது குற்றமோ, மரத்தில் அதைத்தான் நாம் வேண்டுமென்றே செய்கிறோம்.

இரும்பு கரைந்த வினிகர், டானின் உள்ள மரத்தில் பட்டதும் இரண்டும் சேர்ந்து கருநீலமும் சாம்பலும் கலந்த நிறம் கொடுக்கிறது. பழைய காலத்து எழுதும் மையும் இந்த வகைதான். நமக்குப் பக்கத்தில் இருக்கும் காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு எடுப்பதும் இப்படித்தான்: கடுக்காய் ஏற்றிய துணியில், இரும்பும் வெல்லமும் புளிக்க வைத்த நீரால் வரைகிறார்கள். இது பெயிண்ட் போல மேலே உட்காராது. மரத்தின் இழைக்குள்ளேயே நிறம் பிறக்கிறது. அதனால்தான் ரேகை மறையாமல் தெரிகிறது. என்னைக் கேட்டால் ஐந்து வழிகளில் மிக அழகானது இதுதான்.

செய்வது எளிது. கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, இரும்பைப் போட்டுவிட வேண்டும். எந்த இரும்பு என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். பாத்திரம் துலக்க நாம் வாங்கும் பளபள ஸ்டீல் நார் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. நான் முதல் முறை அதைத்தான் போட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். வினிகர் வினிகராகவே இருந்தது. பிறகு லேத் பட்டறை ஒன்றில் சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவலை ஒரு கை அள்ளி வந்து, அதிலிருந்த எண்ணெய் போக வெந்நீரிலும் சோப்புத் தூளிலும் கழுவிப் போட்டேன். நான்கே நாளில் தண்ணீர் பழுப்பேறிவிட்டது. துருப்பிடித்த பழைய ஆணிகளும் போதும். மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே வாயு உண்டாகும். துணியால் வாய்கட்டி, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். பயன்படுத்தும் முன் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

மேசையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முதலில் பூசிப் பாருங்கள். பூசும்போது ஒன்றும் தெரியாது, வெறும் தண்ணீர் போல இருக்கும். மூன்று நிமிடம் பொறுத்தால் ஓரத்திலிருந்து மெல்ல மங்கும். அப்புறம் ரேகைகளின் பள்ளத்தில் முதலில் கறுப்பு இறங்கும், மேடு சாம்பலாகும். மறுநாள் காலையில் இன்னும் ஒரு படி கறுத்திருக்கும். “ஏறவில்லையே” என்று அவசரப்பட்டு இரண்டாம் கை பூசினால் கரி போல ஆகிவிடும். ஒரு இரவு விட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரப்பர் மரம், பைன், மாமரம் என்றால் டானினை நாம் கொடுக்க வேண்டும். அடர்த்தியான டீ டிகாஷனே வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் இருந்துகொண்டு கடுக்காயை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஜவ்வாது மலை மக்கள் காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்து விற்பதுதான். எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். கொட்டையை நீக்கி, தோடு மட்டும் 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஒரு கை பூசி, முழுதாகக் காய்ந்த பின் இரும்புத் தண்ணீர். டீயில் வருவது பழுப்புச் சாம்பல். கடுக்காயில் வருவது ஆழமான நீலச் சாம்பல்.

இதில் ஒளிந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். பழைய வார்னிஷ் ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் அங்கே நிறம் ஏறாது. எனவே 80, 120, 220 நம்பர் உப்புத்தாளில் (நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகும்) வரிசையாகத் தேய்த்தாக வேண்டும். மூட்டுகளில் பசை பிதுங்கிய இடம் வெள்ளைத் திட்டாகவே நிற்கும். தரையில் சிந்தினால் மொசைக்கில் துருக்கறை போகாது, அடியில் தார்ப்பாய் விரிப்பது கட்டாயம். பிடிக்காவிட்டால் இழைப்புளி போட்டுச் சீவுவதைத் தவிர வேறு வழி இல்லை. சப்பாத்திப் பலகை, காய் நறுக்கும் பலகை எதற்கும் இது வேண்டாம்.

## இரண்டு பூச்சும் உப்புத்தாளும்

பிளைவுட்டுக்கும், ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சாமானுக்கும், என்ன மரம் என்றே தெரியாததற்கும் இதுதான் வழி. அடியில் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். நடுவில், தேயவேண்டிய இடங்களில் மட்டும் மெழுகுவர்த்தியால் ஒரு தேய்ப்பு. மெழுகு பட்ட இடத்தில் மேல்பூச்சு ஒட்டாது. காய்ந்த பின் உப்புத்தாளால் லேசாக உரசினால் அடி நிறம் எட்டிப் பார்க்கும். இரண்டுமே தண்ணீரில் கரையும் எமல்ஷன் என்றால் நாற்றம் இல்லை, ஓரிரு நாளில் முடியும்.

இந்த முறையில் எல்லோரும் தவறுவது இடத்தில்தான். நான்கு ஓரத்தையும் ஒரே அளவில் உரசி வைத்துவிடுகிறார்கள். அது பழசாகத் தெரியாது, காயம் பட்டது போலத் தெரியும். ஆயாவின் பெஞ்சை நான் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்க விளிம்பு நடுவில் மட்டும் உருண்டிருக்கிறது, இரண்டு கோடியும் கூராகவே இருக்கின்றன. கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டத்தில், குழந்தைகள் கால் ஊன்றிய இரண்டு இடத்தில் குழி. தினமும் ஈரத்துணியால் தரை துடைத்துத் துடைத்து, கால்களின் அடி நான்கு விரல் உயரத்துக்குக் கறுத்திருக்கிறது. பின்பக்கம் சுவரோடு கிடந்ததால் புதுசு போலவே இருக்கிறது. கை படும் இடம், கால் படும் இடம், தண்ணீர் படும் இடம்: இந்த மூன்றை மட்டும் தேயுங்கள். டிவி ஸ்டாண்டு என்றால் கதவுப் பிடியைச் சுற்றி ஒரு கை அகலம், அடி விளிம்பு, மேல் பலகையின் முன் ஓரம். அவ்வளவுதான்.

வெடிப்பு விழுந்த தோற்றம் வேண்டுமானால், அடிப்பூச்சின் மேல் மரவேலைக்கான வெள்ளைப் பசையைச் சற்றுத் தடிமனாகத் தடவி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேல்பூச்சை ஒரே திசையில் இழுக்க வேண்டும். போன இடத்தில் பிரஷ்ஷைத் திரும்ப வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் பசை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் காலை ஏழு மணிக்கு முன், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு முறையில் ஒரு பக்கம் மட்டும்.

பிளைவுட்டில் ஒரு ஆபத்து உண்டு. மேலே ஒட்டியிருக்கும் அலங்கார மரத்தோல் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. 220 நம்பரைவிடக் கரடான தாளைத் தொடவே வேண்டாம். மைக்கா ஒட்டியது என்றால் லேசாக உரசி, பிடிப்புக்கு பிரைமர் அடித்த பிறகுதான் மற்றதெல்லாம். நல்ல விஷயம், பிடிக்காவிட்டால் இன்னொரு பூச்சு அடித்துவிடலாம். ஐந்தில் மிக எளிதாகத் திரும்பக்கூடியது இதுதான்.

## கம்பி பிரஷ்ஷும் நெருப்பும்

பைன் பலகைக்கென்றே பிறந்த வழி. பைனில் மென்மையான வரியும் கெட்டி வரியும் மாறி மாறி வரும். இரும்புக் கம்பி பிரஷ்ஷால் ரேகை போகும் திசையிலேயே அழுத்தி இழுத்தால் மென்மையானது உதிர்ந்து, கெட்டி வரி மேடாக நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். முன்னதாக ப்ளோ லாம்ப் சுடரை மேலோட்டமாகக் காட்டிக் கருக்கிவிட்டால் உதிர்வது எளிது, நிறமும் ஆழமாகும்.

தேக்கில் இது ஓரளவு எடுபடும். ரப்பர் மரத்தில் எடுபடாது, அதன் இழை ஒரே சீரானது. பிளைவுட்டில் நெருப்பு கூடவே கூடாது, பசை எரிந்து நச்சுப் புகை வரும். ஏற்கெனவே பூச்சு உள்ள மரத்திலும் அதே கதைதான். புகைக்குப் பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டும், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வேண்டும், காற்றடிக்காத நாள் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கம்பி பிரஷ்ஷைத் தொடாதீர்கள், உடையும் கம்பி முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

## வெயிலிலும் மழையிலும் விடுவது

பணமே ஆகாத வழி. ஊர்த் தேரை ஒரு முறை சுற்றிவந்து பாருங்கள். கொட்டகைக்குள் நிழல் விழும் பக்கம் பழுப்பாகவே இருக்கும், வெயிலும் சாரலும் அடிக்கும் பக்கம் சாம்பல் பூத்திருக்கும். மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, மழை அதைக் கழுவி எடுத்துப் போகிறது. எஞ்சி நிற்பது வெளிறிய நார். அதுதான் அந்த வெள்ளிச் சாம்பல். தாள் கனம்தான் அந்தப் படலம், உள்ளே மரம் அப்படியே இருக்கும்.

வைரம் பாய்ந்த தேக்குக்கு இது அருமையான வழி. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலும், அதன் பின் வரும் இரண்டு பருவ மழையும் பட்டால், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நிறம் வந்துவிடும். ஆனால் ரப்பர் மரத்தை மொட்டை மாடியில் வைத்தால் பூஞ்சை கறுப்பாகப் படரும், வண்டு துளைக்கும். பைனும் தாங்காது. பிளைவுட் பிரிந்து வாயைப் பிளக்கும். தேக்காக இருந்தாலும் கால்களை நேராக மண்ணில் வைக்காதீர்கள், கரையான் கீழிருந்துதான் வரும். கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செங்கல், மாதம் ஒரு முறை நான்கு பக்கமும் திருப்புதல், இதுதான் இதற்கு ஆகும் உழைப்பு. வெளியிலேயே இருக்கப் போகிற தோட்டத்து பெஞ்சு என்றால் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

## உண்மையிலேயே பழைய மரத்தை வாங்குவது

இதையும் ஒரு வழியாகச் சேர்க்கிறேன். ஏனென்றால் வேலூர், ஆற்காடு, ஆரணி பக்கமெல்லாம் ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுகிறார்கள். அந்தக் கதவு, நிலை, விட்டம், உத்தரம் எல்லாம் பழைய மரக்கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன. ஐம்பது அறுபது வருடம் காய்ந்து அடங்கிய மரம். இனி அதிகம் வளையாது, சுருங்காது. அந்த நிறத்தை எந்த வினிகராலும் கொண்டுவர முடியாது.

மறைந்திருக்கும் செலவும் இதில்தான் அதிகம். குட்டி யானை வாடகை, உள்ளே புதைந்த ஆணிகளைப் பிடுங்கும் கூலி, ஆசாரி கூலி, ஆணியில் மோதி மழுங்கும் ரம்பம். துளைகள் இருந்தால், பலகையை ஒரு இரவு கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். காலையில் வெள்ளை மாவு கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. மாவு இல்லையென்றால் பெரும்பாலும் பழைய துளைதான்.

பழைய பெயிண்டைப் பற்றியும் கவனமாக இருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சைக் கதவிலும் நீல ஜன்னலிலும் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள், சுடர் காட்டாதீர்கள். தண்ணீரில் நனைத்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, அந்தக் கசடைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால், பழைய பூச்சு தெரிகிற கதவை மேசையாக்கும் ஆசையையே விட்டுவிடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | ஒத்துவரும் மரம் | ஆகும் நாள் | திரும்ப முடியுமா | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| இரும்புத் தண்ணீர் | தேக்கு, கருவேலம். கடுக்காயுடன் ரப்பர் மரம், பைன், மா | ஒரு வாரம் முதல் பத்து நாள் | முடியாது | தரைக்கறை, மிச்ச வார்னிஷ் |
| இரண்டு பூச்சு | பிளைவுட், பெயிண்ட் அடித்தது, எதுவும் | ஓரிரு நாள் | எளிது | தேய்க்கும் இடம் |
| பிரஷ், நெருப்பு | பைன். ஓரளவு தேக்கு | ஒரு நாள் | முடியாது | புகை, தீ, கண் |
| வெயில், மழை | தேக்கு மட்டும் | ஆறு மாதம் முதல் ஒரு வருடம் | தேய்த்தால் முடியும் | கரையான், வெடிப்பு |
| பழைய மரம் | ஏற்கெனவே பழசு | கிடைப்பதைப் பொறுத்து | தேவையில்லை | வண்டு, ஆணி, ஈயம் |

## மேலே என்ன பூசுவது

இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கடைசியில் பளபள வார்னிஷ் அடித்துக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மினுக்கம் வந்த நொடியே பழமை போய்விடும். தினமும் தண்ணீர் புழங்கும் சாப்பாட்டு மேசைக்கு மினுக்கமில்லாத, தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் இரண்டு கை. அலமாரிக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் தேன்மெழுகு போதும். ஆனால் மெழுகு பூசிய பலகையில் சூடான டம்ளர் வைத்தால் வளையம் விழும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நம் ஊர் கோடையில் இது இன்னும் ஆபத்து. கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

சத்துவாச்சாரித் தம்பதிக்கு இரண்டு பூச்சு. வீட்டைக் காலி செய்யும்போது பிடிக்கவில்லையென்றால் வேறு நிறம் அடித்துக்கொள்ளலாம். குடியாத்தத்துத் தோழிக்குக் கம்பி பிரஷ், அதன் மேல் கடுக்காயும் இரும்புத் தண்ணீரும். பட்டறைக்குப் பின்னால் திறந்த இடம் இருக்கிறது, ஆனாலும் நெருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் தீப்பெட்டிக் குச்சி காய வைத்திருக்கிறார்கள். பெட்டிப் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையையும் பார்க்கச் சொன்னேன். “எச்டி” (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, தேய்க்கலாம். “எம்பி” (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதை ஒதுக்கிவிட வேண்டும்.

அக்காவின் மேசைக்குத்தான் நிறைய யோசித்தேன். ஆசாரி வந்து அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்து, “ரப்பர் மரம்மா இது, தானா கறுக்காது, நீங்கதான் ஏத்தணும்” என்றார். வார்னிஷை எடுக்க இரண்டு நாள், கடுக்காய்க்கு ஒரு நாள், இரும்புத் தண்ணீருக்கு ஒரு இரவு. சாம்பல் கொஞ்சம் நீலமாக வந்தது. தேக்கு பெஞ்சின் பழுப்புக்குப் பக்கத்தில் அது குளிர்ச்சியாகத் தெரிந்ததால், மேலே ஒரே ஒரு கை டீ டிகாஷன் ஓட்டி, காய்ந்ததும் பாலியூரிதேன் அடித்தோம்.

அக்கா அடுத்ததாகக் கேட்டார், “பெஞ்சையும் தேய்ச்சிப் புதுசா பாலிஷ் போட்டா ரெண்டும் ஒண்ணா இருக்குமாம்மா?”

“அதைத் தொடாதீங்கக்கா” என்றேன். ஈரத்துணியைப் பிழிந்து ஒரு துடைப்பு, காய்ந்ததும் விரல் நுனியளவு தேன்மெழுகு, பருத்தித் துணியால் ஒரு உரசல். கீழ்ச்சட்டத்தில் இருக்கும் அந்த இரண்டு குழியில் ஒன்று அக்காவின் குதிகால் பட்டது.